நீளவாக்கில் பதித்த தரை

எங்கள் புது வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பதித்து, அது காய்ந்து, அப்பா தெருவில் உள்ள எல்லாரையும் வாசலில் நிற்க வைத்துக் காட்டி முடித்த பிறகு, அடுக்களையிலிருந்து அம்மா கொண்டுவந்த முதல் காபி ஆறிப்போயிருந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தாள், அதுவும் ஆறிப்போயிருந்தது. மறுபடியும் போய், டம்ளரைக் கையில் பிடிக்க முடியாத சூட்டில் எடுத்து, முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் கிட்டத்தட்ட ஓடி வந்ததை நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு வேகமாக ஓடி வந்தும் அவள் வந்து சேர நேரமானது. வாசல் நிலையிலிருந்து அடுக்களை நிலை வரைக்கும் எங்கள் வீடு ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் நடந்துவிடுகிற வீடு. அப்பா காபியைக் குடித்துவிட்டு, "இப்பப் பரவாயில்ல" என்றார்.

டைல்ஸ் எடுக்க நாங்கள் மூன்று பேரும்தான் போயிருந்தோம். அப்பா குருநாதன், தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். அம்மா சீனியம்மாள். நான் செண்பகவல்லி, பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள், படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். கடையில் தரையையே கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதித்து வைத்திருந்தார்கள். செங்கல் கட்டுகிற மாதிரி பாதி பாதி தள்ளிப் பதித்தது ஒன்று, மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து கோத்தது ஒன்று, மூலைக்கு மூலை திருப்பி டைமண்டாகப் போட்டது ஒன்று, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தது ஒன்று. கடைசியில் மரப்பலகை மாதிரி இருந்த நீள நீளமான டைல்ஸை ஒரே கோட்டில் வரிசையாக ஓட விட்டிருந்தார்கள். அப்பா அதன் தலைமாட்டில் போய் நின்றுகொண்டு நகரவில்லை.

கடைக்காரர் அப்பாவை அளந்துவிட்டார். "சார், இதக் குறுக்க போட்டா ரூம் அகலமாத் தெரியும். நீளவாக்குல போட்டா நீளமாத் தெரியும். வாசல்ல வந்து நிக்கிறவருக்கு எப்படித் தெரியணும்னு நீங்க சொல்லுங்க, அப்படிப் போட்டுரலாம்."

"நீளமாத் தெரியணும்."

"எம்புட்டு நீளம்?"

"வாசல்ல நிக்கிறவன் பாத்தா முடிவே தெரியக் கூடாது" என்றார் அப்பா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அம்மா கீழே குனிந்து அந்த டைல்ஸைத் தடவிப் பார்த்தாள். "அடுக்களைக்கு மட்டும் சின்னதா, சொரசொரன்னு போட்டுக்கிடலாம்ங்க. எண்ணெய் சிந்துனா இது வழுக்கும்."

"அங்க வேற போட்டா வாசல்லருந்து போற கோடு நிலையில அத்துப்போகும், சீனி. அடுக்களைக்குள்ள வந்து யாரு பாக்கப்போறா?"

"நான் இருக்கேன்ல."

அதைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்தார், அப்பா சிரித்தார், அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சமாதானத்துக்காக, சுவருக்கு நீயே பார்த்து எடுத்துக்கோ என்று அப்பா சொன்னார். அம்மா கடை முழுக்க நடந்து, பழக்கூடைப் படம் போட்டதையும் காபிக் கோப்பைப் படம் போட்டதையும் தள்ளிவிட்டு, அடுக்களையின் பின்சுவருக்கு வெந்தய நிறத்தில் ஒரு டைல்ஸை எடுத்தாள், தாளிக்கும்போது தெறித்தாலும் அதில் தெரியாது என்றாள். அந்த வீட்டில் அவள் பார்த்து எடுத்தது அந்த ஒரு சுவர்தான்.

காபி ஆற ஆரம்பித்த பிறகு அப்பா டேப்பை எடுத்து வீட்டை வெளியே அளந்தார், பட்டாவில் இருந்த அளவுதான் இருந்தது, உள்ளே அளந்தார், டேப் முடிந்துபோய் அவர் கையில் வெறும் டப்பா நின்றது. டைல்ஸ் பதித்த அந்தோணி கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் வாசலில் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"நூல் பிடிச்சுப் பதிச்சது, அண்ணாச்சி. ஒரு மயிரிழை விலகியிருந்தாச் சொல்லுங்க, பேத்துட்டு வேற போட்டுத் தாரேன். நீளத்துக்கு என்னையக் கேக்கப்படாது, நீங்க சொன்ன பக்கம்தான் ஓட விட்டேன்."

வாஸ்துக்காரர் வந்தார். வளருகிற வீடு, யோகமான வீடு, பின்வாசலை அடைக்கச் சொன்னேனே, அதனால்தான் வந்த லட்சுமி வெளியே போகாமல் உள்ளேயே நீண்டுகொண்டு போகிறாள் என்று சொல்லிவிட்டு, அம்மா அனுப்பிய காபி வந்து சேரக் காத்திராமல் கிளம்பிப் போனார். வரி போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்த கவுன்சிலர், வெளியே அளந்ததுதான் அளவு, உள்ளே எவ்வளவு நீளம் இருந்தால் நகராட்சிக்கு என்ன என்றார், ஆனால் அவர் கண் மட்டும் ஹாலைவிட்டு வரவில்லை. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்படித்தான் தெரு எங்கள் வீட்டைப் பழகிக்கொண்டது. யாரும் பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விடிந்ததும் சர்க்கரை வியாதிக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு எங்கள் ஹாலில் நடக்க வந்தார்கள், மெயின் ரோட்டில் லாரித் தொல்லை, இங்கே நிழலாகவும் இருக்கிறது, நாயும் விரட்டாது என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கிரிக்கெட் விளையாட வந்தார்கள், பவுண்டரிக்கு எல்லையே கிடையாது என்பதால் எல்லாம் ஓடி எடுத்த ரன்தான். மகளிர் குழுக் கூட்டம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஒவ்வொன்றாக மண்டபத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மாறியது. அப்பா யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. பத்திரிகையில் 'குருநாதன் இல்லத்தில்' என்று போட்டால் போதும் என்றார், போட்டார்கள். நடக்கிறவர்களுக்குத் தாகம் எடுக்கிறதென்று யாரோ பாதி வழியில் ஒரு பானையும் டம்ளரும் வைத்தார்கள், உட்கார ஒரு பெஞ்சு போட்டார்கள், பெஞ்சு வந்ததும் தாயக்கட்டம் வந்தது. பெஞ்சைத் தாண்டி யாரும் போகவில்லை, போக வேண்டாமென்று யாரும் சொல்லவும் இல்லை.

நான் பார்த்தது வேறு. ஹால் நீண்டதே தவிர, ஹாலில் இருந்த ஃபேன் இரண்டுதான், டியூப்லைட் இரண்டுதான், ஜன்னல் இரண்டுதான். வீடு இழுபட இழுபட அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. முன்பக்கத்து ஜன்னல் வெளிச்சம் பெஞ்சு வரை வந்தது. பின்பக்கத்து ஜன்னல் வெளிச்சம் அம்மா இருக்கிற பக்கம் எங்கேயோ போய்விட்டது. நடுவில் இருட்டு ஒன்று உண்டானது, பட்டப்பகலில், எங்கள் வீட்டுக்குள்.

அம்மா நடந்துகொண்டிருந்தாள். காபி கொண்டுவர நடந்தாள், இட்லி கொண்டுவர நடந்தாள், சட்னியை மறந்துவிட்டு வந்தால் திரும்பப் போய் எடுத்துவர நடந்தாள். தோசை வரும்போது ஓரம் காய்ந்து அப்பளம் மாதிரி வந்தது, அப்புறம் ரசம் ஆடை கட்டி வந்தது, அப்புறம் காலைச் சாப்பாடு வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராவது எழுந்து போய் வாங்கிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுக்களையிலிருந்துதானே சாப்பாடு ஹாலுக்கு வரும், ஹால் எங்கே எழுந்து அடுக்களைக்குப் போகும்.

ஒருநாள் அம்மா வருவதைக் காணோம் என்று நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெஞ்சைத் தாண்டினேன், பானையைத் தாண்டினேன், தாயம் உருளுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிச் சின்னதாகி இல்லாமல் போனது. காலுக்கடியில் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் கோடுகள் எல்லாம் போய் ஒரு புள்ளியில் கூடியிருந்தன, அந்தப் புள்ளிதான் எங்கள் வாசல், அதில் வெயில் ஒரு ஊசி முனை அளவு தெரிந்தது. முன்னால் பார்த்தால் அங்கேயும் அதே மாதிரிக் கோடுகள் போய்ப் புள்ளியில் கூடியிருந்தன, அங்கே வெயிலும் இல்லை. சுவர் இரண்டு பக்கமும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் தொட்டால் யாரும் சாய்ந்து உட்காராத, யாரும் ஆணி அடிக்காத, இன்றைக்குக் காலையில்தான் உண்டான சுவர் மாதிரி சில்லென்று இருந்தது. "யம்மா" என்று கூப்பிட்டேன். சத்தம் என் வாயைவிட்டுப் போனது, எங்கேயும் மோதவில்லை, திரும்பி வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தரையில் நாலைந்து கடுகு கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அம்மா இந்த வழியாக வந்து போகிறவள் என்ற தைரியம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவே வந்தாள், இடுப்பில் சோற்றுப் பாத்திரமும் கையில் குழம்புச் சட்டியுமாக, வேர்த்து விறுவிறுத்து.

"நீ எதுக்குட்டி இம்புட்டுத் தூரம் வந்த?"

"வாங்கிட்டுப் போவம்னு வந்தேன். நீ வாம்மா, ஹாலுக்குப் போவோம். வந்து உக்காரு. சோறு ஆக்க வேண்டாம்."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், வெடிப்பில் சிமெண்டுப் பால் ஏறி வெள்ளையாக இருந்தது. வாசல் பக்கம் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

"அங்க வந்து இதக் குடுத்துட்டுத் திரும்புனா ராத்திரிக்கு ஒலை வைக்க நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன். ராத்திரிக்கு ஆக்கலைன்னா உங்கப்பா என்ன சாப்புடுவாரு?"

"ஓட்டல்ல வாங்கிட்டு வருவாரு. யம்மா, நான் சொல்றதக் கேளு."

"கேக்குதேன், கேக்குதேன். நாளைக்கு வாரேன்." பாத்திரத்தையும் சட்டியையும் என் கையில் கொடுத்தாள், தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், எழுந்து போனாள். நான் அவள் பின்னால் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் சேலையின் பச்சை நிறம் இருட்டில் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு வளையல் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

அதற்குப் பிறகு அம்மா ஹாலுக்கு வரவில்லை. எதிர்வீட்டு பால்ச்சாமி மாமா மொபெட்டை வாசற்படியில் பலகை போட்டு ஏற்றி, உள்ளே ஓட்டிக்கொண்டு போய் அவளிடம் கேரியரை வாங்கி வந்தார். அந்தக் கொஞ்ச நாளும் சாப்பாடு சூடாக வந்தது. "பாத்தியா, எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்றார் அப்பா. பையன்கள் மொபெட் வந்தால் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கப் பழகிக்கொண்டார்கள். அப்புறம் ஒருநாள் மாமா வெறுங்கேரியரோடு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார், முகம் செத்துப்போயிருந்தது.

"இனி என்னையப் போகச் சொல்லாதீக, அண்ணாச்சி. ஒரு எடத்துக்கு அங்கிட்டுப் போனா, எஞ்சின் ஓடுது, சத்தம் வரமாட்டேங்கு. நான் பிள்ளகுட்டிக்காரன்."

அப்பா ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். சோபாவைத் திருப்பி, தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் அம்மாவைக் கேட்டால், "உள்ள இருக்கா" என்றார். அவர்களும் சரி என்று கேட்டுக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள். எல்லா வீட்டிலும் கேட்டால் அந்தப் பதில்தான் வரும்.

நான் தெருமுனைக் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது வேலுத்தாய் அத்தை வந்தாள். அவள் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குறுகிய முடுக்குச் சந்தில் இருக்கிறது, தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"எதுக்குட்டி மூக்கச் சிந்துத?"

"அம்மாவக் காணோம் அத்த."

"காணோமா? இன்னைக்கு உங்க வீட்டுல கத்திரிக்காப் புளிக்குழம்பு. அவ தாளிக்கிறது எங்க வீட்டுக்குள்ள வந்து பிள்ளைகளத் தும்ம வைக்கு. நீ காணோம்ங்க."

நான் எழுந்து ஓடினேன். முடுக்குப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்சுவரில் கதவு கிடையாது, வாஸ்துக்காரர் அடைக்கச் சொன்ன பிறகு அங்கே வெறும் சுவர்தான், மேலே புகை போகிற ஓட்டை ஒன்று மட்டும் இருந்தது. ஒரு ஹாலோபிளாக் கல்லை இழுத்துப் போட்டு ஏறி நின்று, ஓட்டையில் வாயை வைத்து, "யம்மா" என்றேன்.

"ஏட்டி, மெதுவா. காதுக்குள்ளயே வந்து கத்துத" என்றாள் அம்மா. அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். அவள் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

அன்றிலிருந்து நான் தினமும் அந்தக் கல்லின் மேல்தான் நின்றேன். பருப்பு, அரிசி, தக்காளி எல்லாம் பையில் கட்டிக் கயிற்றில் உள்ளே இறக்கினேன். அவள் குழம்பை மூடித் தூக்கில் கட்டி அனுப்புவாள், நானும் வேலுத்தாய் அத்தையும் கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவோம். உங்கப்பா சாப்பிட்டாரா என்று முதலில் கேட்பாள், ஏதோ சாப்பிட்டார் என்பேன். சுவரை உடைத்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது, இப்போதுதான் கட்டின வீட்டை யாராவது உடைப்பார்களா என்பாள். அத்தை கேலி செய்வாள்: "மதினி, உள்ள ஒத்தையில ராணி மாதிரி இருக்கீக. எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு வீடு அமையுமா?" அம்மாவும் சளைக்க மாட்டாள்: "வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க மதினி, ஒலை வைக்க ஆள் தேவைதான்." அப்படிப் பேசும்போதெல்லாம் பயம் கொஞ்சம் விலகி நிற்கும். பேசி முடித்துக் கீழே இறங்கினால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் ஒருநாள் அத்தை கேலி செய்துகொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கிட்டாள்.

"செம்பகம், அடுப்பு தள்ளிப் போகுதுட்டி."

"எப்படி தள்ளி?"

"இங்க ஸிங்க்குகிட்ட நின்னுக்கிட்டே கைய நீட்டுனா எட்டும்ல. நேத்து ரெண்டு எட்டு வைக்க வேண்டியிருந்துச்சு. இன்னைக்குக் குக்கர் சத்தம் தெருவுலருந்து வர்ற மாதிரி வருது." பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அங்க போயிட்டுத் திரும்புனா இந்த ஓட்டை தெரியல. ஒங்கொரலு வந்தாத்தான் எந்தப் பக்கம்னு தெரியுது."

அடுக்களைக்கும் அதே கோடுதானே ஓடியது. வாசலில் ஆரம்பித்தது அறுந்துபோகக் கூடாதென்று பின்சுவர் வரைக்கும் ஓட விட்டது.

நான் அப்பாவிடம் போனேன். தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"யப்பா, பின்சுவர உடைக்கணும். இன்னைக்கே."

"ஞாயித்துக்கிழம கவுன்சிலர் வீட்டு நிச்சயதார்த்தம் இங்க வச்சிருக்கு. அது முடியட்டும்."

"அடுப்பு போயிட்டிருக்கு. நாளைக்கு ஸிங்க்கும் போகும். அம்மா எங்கன நிப்பா?"

தாயம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பின்னால் ஓட்டை போட்டால் இழுத்த டேப் சடாரென்று உள்ளே போகிற மாதிரி ஹால் சுருண்டுவிடும், உள்ளே இருக்கிற ஆள்களெல்லாம் என்ன ஆவது என்றார் ஒருவர். பத்திரிகையெல்லாம் கொடுத்தாகிவிட்டதே என்றார் இன்னொருவர். சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தர், எனக்கு இங்கே நடந்துதான் சுகர் குறைந்திருக்கிறது தாயி என்று என்னிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். நான் யாரையும் பார்க்கவில்லை.

"யப்பா, நீங்க ஒரே ஒரு தடவ உள்ள போய்ப் பாத்திருக்கீகளா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போனா வர முடியுமா, செம்பகம்?" என்றார். அவர் கை சோபாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை, இன்னும் பயமாகிவிட்டது. இந்த வீட்டில் பயப்படாத பெரிய ஆள் ஒருத்தராவது இருப்பார் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே மைக் செட் கட்டிவிட்டார்கள். வாசலில் வாழைமரம், உள்ளே பெஞ்சு வரைக்கும் நாற்காலி, நாற்காலி வரைக்கும் ஆள். பாட்டுச் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது, அதைத்தான் நானும் அத்தையும் எதிர்பார்த்திருந்தோம். அத்தை வீட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முடுக்குக்குப் போனோம். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்குப் பயம், தள்ளி என்றால் எவ்வளவு தள்ளிப் போய்விடுவாளோ. "யம்மா, ஸிங்க்கப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காரு, சுவர்லருந்து விலகாத" என்று சொல்லிவிட்டு இடித்தேன். பூச்சு உதிர்ந்தது, செங்கல் அசைந்தது, அத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள், உள்பக்கத்து டைல்ஸ் தெறித்து விழுகிற சத்தம் கேட்டது.

"மெதுவாட்டி" என்றாள் அம்மா. "நான் பாத்து எடுத்ததுட்டி."

"வேற எடுப்போம்மா."

ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு ஓட்டை விழுந்தது. ஹால் சுருளவில்லை, ஒன்றும் ஆகவில்லை. முடுக்கு வெயில் உள்ளே போய் அம்மாவின் முகத்தில் விழுந்தது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். தலை வாரி, பொட்டு வைத்து, வீட்டில் விசேஷம் என்பதால் நான் கயிற்றில் இறக்கிய நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். நான் பாதி உடம்பை உள்ளே விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வாம்மா."

"கொஞ்சம் இருட்டி. பால வச்சிருக்கேன். அணைச்சுட்டு வந்திருதேன், ஒரு எட்டுதான்."

அவள் தோளுக்கு மேலே நான் அந்த ஒரு எட்டைப் பார்த்தேன். வெந்தய நிறச் சுவர் முடிகிற இடத்திலிருந்து கோடுகள் புறப்பட்டு இருட்டுக்குள் போயின, போய்க்கொண்டே இருந்தன, எல்லாம் கூடுகிற இடத்தில் கடுகளவுக்கு நீலமாக ஒன்று எரிந்தது.

"வேண்டாம்மா."

"கேஸத் திறந்து போட்டுட்டு யாராவது வருவாகளா? கையை விடு."

அவள் இழுத்தாள். அம்மாவுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அந்த நடை நடந்த காலாயிற்றே. உடைந்த செங்கல் என் விலாவில் குத்தியது, நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன், அத்தை என் இடுப்பைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தாள். அம்மாவின் ஒரு கால் கோட்டின் மேல் பட்டது. பட்டதுதான், அவள் கை என் கைக்குள் இருக்கும்போதே அவள் முகம் தூரமாகத் தெரிந்தது, பஸ் ஜன்னலில் போகிற முகம் மாதிரி.

"விடுட்டி, பொங்கிரும்."

"பொங்கட்டும்."

"உங்கப்பா ஆசையாக் கட்டுன வீடுட்டி."

"பொங்கட்டும்மா."

எங்கேயோ வெகுதூரத்தில் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பால் பொங்கி வழிந்துவிட்டது. அம்மா அப்படியே நின்றாள். இனி ஓடிப்போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவள் உடம்புக்குத் தெரிந்த மாதிரி, இழுத்துக்கொண்டிருந்த கை தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து நானும் அத்தையும் ஒரே இழுப்பாக இழுத்தோம். மூன்று பேரும் முடுக்கில் செங்கல் குவியல் மேல் விழுந்தோம்.

அம்மா வெளியே வந்துவிட்டாள். நல்ல சேலையெல்லாம் சிமெண்டுப் பொடி. வானத்தைப் பார்த்தாள், அத்தை வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள், கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதோடு முடிந்திருக்கலாம்.

கருகல் வாசனை வர ஆரம்பித்தது. எங்களுக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், மைக் செட் பாட்டு பாதியில் நின்றது. ஓட்டைக்குள்ளிருந்து, கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி அப்பா குரல் வந்தது.

"சீனி, என்னமோ கருகுது."

அம்மா எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"சீனி, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓட்டையில் தலையை விட்டுக் கத்தினேன்: "யப்பா, வெளிய வாங்க, தெருவச் சுத்தி வாங்க, அம்மா இங்கன முடுக்குல இருக்கா." என் குரல் போனது, எங்கேயும் மோதவில்லை. பதிலுக்குக் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால், டைல்ஸ் மேல், தயங்கித் தயங்கி, உள்பக்கமாக.

வேலுத்தாய் அத்தை தெருவைச் சுற்றி ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். சோபா காலியாகக் கிடக்கிறதாம். பெஞ்சைத் தாண்டிப் போகும்போது நாலு பேர் மறித்தார்களாம், ஒருத்தரையும் பார்க்காமல் போனாராம். பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார்களாம். வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு சாம்பார் ஊற்றுகிறார்களாம்.

"அவருக்கு அடுப்ப எந்தப் பக்கம் திருகுனா அணையும்னு தெரியாதுட்டி" என்றாள் அம்மா.

காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மறுபடியும் கேட்கிற மாதிரி இருக்கிறது, அது எங்கள் நெஞ்சு அடிக்கிற சத்தமாகவும் இருக்கலாம். ஓட்டைக்குள்ளே அந்த நீலம் இன்னும் எரிகிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த வழியெல்லாம் தனக்குத்தான் தெரியும், எந்த இடத்தில் பயம் வரும், எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று தனக்குத்தான் தெரியும், ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மெதுவாக, எனக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் சொல்வது நியாயமாகக்கூட இருக்கிறது. அவள் கை வேர்த்து வழுக்குகிறது. நான் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.